‘இதையெல்லாமா படிக்கிறீங்க?’ – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாசகர் வட்டக் கூட்டங்களில் மைக் முன்னால் யாரும் கேட்காத கேள்விகள் சில உண்டு. கூட்டம் முடிந்து நாற்காலிகளை மடக்கும் நேரத்தில், டீ டம்ளரோடு ஓரமாக வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். நான் படிப்பது படிப்பில் சேர்த்தியா, நான் படிக்கும் விதம் சரிதானா என்பதுதான் பெரும்பாலும் விஷயம். வருஷக்கணக்கில் அதே பதில்களைச் சொல்லிக்கொண்டிருப்பதால் எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன். பதில்கள் என் கருத்து மட்டுமே. வட்டத்தில் இரண்டு மூன்று பேருக்கு இவற்றில் பாதி பிடிக்காது.

நான் ரமணிசந்திரன், ராஜேஷ்குமார் மட்டும்தான் படிப்பேன். என்னையும் வாசகின்னு சொல்லிக்கலாமா?

தாராளமாக. சீர்காழியில் பிறந்து, கணக்கு வாத்தியாராக இருந்து, 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர் எஸ்.ஆர். ரங்கநாதன். 1931-ல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளைத்தான் இன்றும் நூலகப் படிப்பில் முதல் பாடமாக நடத்துகிறார்கள். அதில் இரண்டாவது விதி, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம். மூன்றாவது, ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர். ஐந்தையும் துருவிப் பார்த்தாலும் ‘தகுதியான வாசகர்’ என்ற பேச்சே வராது.

அதோடு, உங்களைப் போன்றவர்கள் படிக்கும் வேகமும் தொடர்ச்சியும் ‘தீவிர’ வாசகர்கள் பலரிடம் கிடையாது. வாடகை நூலகத்தில் ஒரு பழைய குடும்ப நாவலை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். சின்னப் பூ, நட்சத்திரம், இனிஷியல் என்று பென்சில் குறிகள் இருக்கும். ஏற்கெனவே படித்ததை மறுபடி எடுத்துவிடாமல் இருக்க வாசகிகள் போட்டுவைத்த அடையாளம் அது. படித்தது நினைவில் நிற்காத அளவுக்கு அத்தனை புத்தகம் படித்தவர்கள்! (இதைக் கிண்டலாகவும் எடுத்துக்கொள்ளலாம். நான் பாராட்டாகத்தான் சொல்கிறேன்.)

இந்த உசத்திப் படிப்பு, மட்டமான படிப்புங்கிற பேச்சை யார் ஆரம்பிச்சு வச்சது?

இன்னார் என்று ஒருவரைக் கைகாட்ட முடியாது. ஏளனத்துக்கு ஆளாகும் சரக்கு மட்டும் தலைமுறைக்குத் தலைமுறை மாறியிருக்கிறது. அச்சு பரவிய காலத்தில் சென்னைக் குஜிலிக் கடைகளில் விற்ற காலணாப் பாட்டுப் புத்தகங்களும், நல்லதங்காள், அல்லி அரசாணி மாலை மாதிரியான பெரிய எழுத்துக் கதைகளும் படித்த கூட்டத்துக்கு ஆகாதவை. அடுத்து வந்தது நாவல். ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே.ஆர். ரங்கராஜு ஆகியோரின் துப்பறியும் கதைகள் சக்கைப்போடு போட்டபோது, நாவல் படித்தால் பெண்கள் கெட்டுப்போவார்கள் என்று வீட்டுக்கு வீடு பேச்சு. அந்தப் பேச்சுக்கு நடுவில்தான் வை.மு. கோதைநாயகி அம்மாள் 1925-ல் ‘ஜகன்மோகினி’ பத்திரிகையை எடுத்து நடத்தி, நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதினார். தன் முதல் படைப்பைத் தோழியிடம் சொல்லி எழுதவைத்தவர் அவர். அப்போது அவருக்கே சரளமாக எழுத வராது.

1933-ல் மணிக்கொடி, 1959-ல் சி.சு. செல்லப்பாவின் எழுத்து என்று சிறு பத்திரிகைகள் வந்தன. வெகுஜனப் பத்திரிகைகளோடு அவர்கள் சண்டை போட்டதில் நியாயம் இருந்தது. தொடர்கதைகளின் கூட்டத்தில் புது முயற்சிக்கு உட்கார இடமே கிடைக்கவில்லை. செல்லப்பா தன் வெளியீடுகளைத் தானே சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். சுமந்தவரின் கோபம் ஒரு ரகம். சுமையை இறக்கிவைத்துவிட்டுக் கோபத்தை மட்டும் வாரிசாக எடுத்துக்கொண்டவர்களின் முகச்சுளிப்பு வேறு ரகம். உங்களுக்கு வட்டத்தில் கிடைத்தது பெரும்பாலும் இரண்டாவதாக இருக்கும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். காரைக்குடி பக்கம் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். பெயர்ப்பலகை எழுதும் ஓவியர். பழைய புத்தகம், பாட்டுப் புத்தகம், நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று எதையும் விடாமல் சேர்த்தார். அவர் இறந்த பிறகு அந்தச் சேகரிப்பை சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, சென்னையிலேயே அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகம் அமைய வழிசெய்தது. ஒரு காலத்தில் குப்பை என்று தள்ளியதைத் தேடி இன்று முனைவர் பட்ட மாணவர்கள் அங்கே வரிசையில் வருகிறார்கள்.

அப்போ எல்லாப் புத்தகமும் ஒண்ணுதான்னு சொல்ல வர்றீங்களா?

இல்லவே இல்லை. தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’ளும் இந்த மாதம் வந்த மாத நாவலும் சமம் என்று யாராவது சொன்னால் நானே சண்டைக்கு வருவேன். புத்தகத்தை எவ்வளவு கறாராக வேண்டுமானாலும் எடைபோடுங்கள். வாக்கியம் ஓடுகிறதா, ஆட்கள் உயிரோடு இருக்கிறார்களா, இரண்டாம் முறை படித்தால் தாங்குமா என்று கேளுங்கள். அந்த மதிப்பெண்ணை அப்படியே படிப்பவர் தலையில் எழுதுவதுதான் பிரச்சினை. ஒரே ஆள் காலையில் டீக்கடையில் தந்தி, ரயிலில் துப்பறியும் நாவல், ராத்திரி அசோகமித்திரன் என்று படிக்கிறார். அவருக்கு எந்த மதிப்பெண் போடுவீர்கள்?

வேலியும் அவ்வளவு உறுதியானது இல்லை. ‘மோகமுள்’ளே சுதேசமித்திரனில் தொடராக வந்ததுதான். ஜெயகாந்தன் கதைகளை ஆனந்த விகடனில் வாரம் தவறாமல் வாங்கிப் படித்தவர்களில் பலருக்கு சிறு பத்திரிகை என்று ஒன்று இருப்பதே தெரியாது. சுஜாதா குமுதத்தில் தொடர்கதை எழுதிய கையோடு கணையாழி என்ற இலக்கிய இதழின் கடைசிப் பக்கத்தில் புதுக்கவிதை பற்றிப் பேசினார். முதலாவதைப் படிக்க வந்து இரண்டாவதில் மாட்டிக்கொண்டவர்கள் என் தலைமுறையில் ஏராளம்.

வண்டி ஓட்டும்போது காதுல கேக்குறேன். அது படிச்ச கணக்குல வருமா?

வரும். கண்ணை மட்டும் வைத்து, வாய் திறக்காமல், தனியாக உட்கார்ந்து படிப்பதுதான் படிப்பு என்ற எண்ணமே நம் ஊரில் ரொம்பப் புதுசு. வட தமிழ்நாட்டில் திரௌபதி அம்மன் கோவில் திருவிழாவில் நாள்கணக்கில் பாரதம் படிப்பார்கள். ஊரே உட்கார்ந்து கேட்கும். யாழ்ப்பாணத்துக் கோவில்களில் கந்தபுராணப் படிப்பு உண்டு. ஒருவர் பாட்டை வாசிக்க, இன்னொருவர் பயன், அதாவது பாட்டின் பொருள், சொல்வார். கேட்டுக்கொண்டிருந்த பாட்டிக்கு அடுத்த வரி மனப்பாடமாக இருக்கும். அவர் கந்தபுராணம் ‘படிக்கவில்லை’ என்று சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை.

பெரிய எழுத்துக் கதைகளில் எழுத்து பெரிதாக இருந்ததும் இதற்குத் தோதாகத்தான். தட்டுத்தடுமாறிப் படிக்கத் தெரிந்த ஒருவர், விளக்கு வெளிச்சத்தில், தெருவுக்கே வாசித்துக் காட்டமுடியும். தினத்தந்தி 1942-ல் மதுரையில் தொடங்கியபின் டீக்கடைகளில் நடந்ததும் இதேதான். ஒருவர் வாசிக்க, நாலு பேர் கேட்டு, ஐந்து பேரும் கருத்து சொன்னார்கள்.

வித்தியாசம் இல்லாமலும் இல்லை. காதில் கேட்கும்போது ஒரு வரியில் நின்று திரும்பிப் போவது சிரமம். கவிதைக்கும் கட்டுரைக்கும் அது குறைதான். கதைக்குப் பெரும்பாலும் குறை இல்லை. ஒன்று மட்டும்: எதிரே லாரி வரும்போது கதையை நிறுத்திவிடுங்கள்.

உரை இல்லாம எனக்குத் திருக்குறளே புரியாது. உரையை வச்சுப் படிச்சேன்னு சொல்ல வெட்கமா இருக்கு.

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். உரை இல்லாமல் படித்தவர் யார்? குறளைப் பரிமேலழகர் வழியாக, சிந்தாமணியை நச்சினார்க்கினியர் வழியாக, சிலம்பை அடியார்க்குநல்லார் வழியாகத்தான் பெரிய பெரிய புலவர்களே படித்தார்கள். சங்கப் பாட்டை யாரும் கட்டிலில் சாய்ந்துகொண்டு சிறுகதை மாதிரி புரட்டிவிடவில்லை. மு.வ. எழுதிய தெளிவுரை 1949-ல் சட்டைப்பைக்குள் அடங்கும் அளவில் வந்தது. குறள் பல வீடுகளுக்குள் நுழைந்தது அந்தச் சின்னப் புத்தகத்தால்தான்.

கோனார் உரையைப் பற்றியும் கேட்பார்கள். பரீட்சைக்கு முந்தின ராத்திரி அதை மட்டும் மனப்பாடம் செய்வது வேறு கதை. பாட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்தால் அதுவும் உரைதான்.

போன்லயும் கிண்டில்லயும் படிக்கிறது நிஜப் புத்தகம் படிக்கிற மாதிரி ஆகுமா? வாசனையே இல்லையேங்கிறாங்க.

வாசனை வேண்டுமென்றால் முகர்ந்து பார்க்கலாம், படிக்கவேண்டியதில்லை. கண் மங்கியவர்களுக்கு எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ள முடிவது எவ்வளவு பெரிய வசதி என்று வீட்டில் வயதானவர் இருந்தால் தெரியும். ஓலையிலிருந்து தாளுக்கு வந்தவர்கள்தானே நாம்.

திருட்டு பிடிஎஃப் வேறு விஷயம். அதை எதிர்ப்பது திமிர் இல்லை. எழுத்தாளருக்குச் சேரவேண்டிய காசு அது.

பாதியில விட்டுடுவேன். சில சமயம் கடைசி அத்தியாயத்தை முதல்ல படிச்சுடுவேன். தப்பா?

தப்பே இல்லை. பரீட்சையா எழுதப்போகிறீர்கள்? துப்பறியும் கதையில் கடைசிப் பக்கத்தை முதலில் பார்ப்பது மட்டும் உங்களுக்கே நஷ்டம். முடிவைப் பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்லாதவரை மற்றவர்களுக்கு அதனால் தொல்லை இல்லை.

என் பையன் காமிக்ஸைத் தவிர வேற எதையும் தொடமாட்டேங்கிறான். என்ன பண்றது?

அவனோடு உட்கார்ந்து நீங்களும் ஒன்று படியுங்கள். சிவகாசியிலிருந்து 1972-ல் முத்து காமிக்ஸ் வெளிவர ஆரம்பித்தது. முதல் இதழே இரும்புக்கை மாயாவி. பிரிட்டிஷ் சித்திரக்கதைதான், ஆனால் தமிழ்ப் பையன்கள் அவரைச் சொந்தக்காரர் மாதிரி ஏற்றுக்கொண்டார்கள். பாடப் புத்தகத்துக்குள் மறைத்துவைத்து அதைப் படித்துப் பிடிபட்டவர்கள், இன்று தலை நரைத்த பிறகும் மறுபதிப்பைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள்.

படம் பார்த்து வேகமாக எழுத்தைப் பிடிக்கும் பழக்கம் ஒரு திறமை. தினத்தந்தியின் கன்னித்தீவை எழுத்துக் கூட்டிப் படித்தே தமிழ் கற்றுக்கொண்டேன் என்று சொல்லும் பெரியவர்கள் உண்டு. பையன் தானாக ஒருநாள் காமிக்ஸிலிருந்து நகரலாம், நகராமலும் போகலாம். ‘இதைப் படிச்சா அதைப் படிக்கணும்’ என்று பேரம் பேசினால் இரண்டையும் விட்டுவிடுவான், அதுமட்டும் நிச்சயம்.

ஆபீஸ்ல எல்லாரும் இங்கிலீஷ் புத்தகம்தான் பேசுறாங்க. தமிழ்ப் புத்தகத்தை மேசையில வைக்கவே கூச்சமா இருக்கு.

வாசிப்புத் திமிரிலேயே எனக்கு அதிகம் கோபம் வரவழைப்பது இதுதான், ஏனென்றால் இதில் புத்தகத்தின் தரம் பேச்சிலேயே வருவதில்லை. விமான நிலையத்தில் வாங்கிய ‘பணக்காரர் ஆவது எப்படி’ ரகப் புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தால் கௌரவம். கி. ராஜநாராயணன் தமிழில் இருப்பதால் ‘ஓ, தமிழா’. அந்த ‘ஓ’வுக்கும் படிப்புக்கும் சம்பந்தமில்லை. எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தாய், அப்பா என்ன வேலை என்ற கேள்விகளைத்தான் அது சுற்றிவளைத்துக் கேட்கிறது.

இதே ஆட்டம் உள்ளுக்குள்ளும் நடக்கிறது. தமிழிலேயே எழுதியதைவிட மொழிபெயர்ப்புதான் உசத்தி, ரஷ்யரையும் லத்தீன் அமெரிக்கரையும் படிக்காதவன் பேசத் தகுதியில்லை என்று ஒரு வரிசை உண்டு. ரஷ்ய நாவல்கள் இங்கே சல்லிசாகப் பரவியது எப்படி என்று கேட்டுப்பாருங்கள். சோவியத் பதிப்பகங்கள் மாஸ்கோவில் தமிழிலேயே அச்சடித்து அனுப்ப, நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் மலிவு விலைக்கு ஊர் ஊராக விற்றது. வாங்கியவர்களில் ஆலைத் தொழிலாளர்களும் கிராமத்து வாத்தியார்களும் நிறைய.

கூச்சத்துக்கு மருந்து என்னிடம் இல்லை. மேசையில் வையுங்கள். யாராவது ஒருவர் மெதுவாக வந்து ‘முடிச்சதும் தர்றீங்களா’ என்று கேட்பார்.

படம் வந்தப்புறம்தான் பொன்னியின் செல்வன் வாங்கினேன். பழைய ஆளுங்க கிண்டல் பண்றாங்க.

அந்தப் பழைய ஆட்களின் அப்பா அம்மா அதை எப்படிப் படித்தார்கள் தெரியுமா? 1950-லிருந்து 1954 வரை கல்கி பத்திரிகையில் வாரா வாரம், மணியம் வரைந்த படங்களோடு. பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டிங் செய்துவைத்தார்கள். அன்றைய உசத்தி வாசகர்கள் அதையும் பத்திரிகைத் தொடர்கதைதானே என்றுதான் பார்த்தார்கள். இன்று அதுவே மற்றவர்களை அளக்கும் கோலாகிவிட்டது. ஐந்து பாகத்தையும் முடியுங்கள். பிடிக்காவிட்டால் பாதியில் விடும் உரிமை உங்களுக்கும் உண்டு, மேலே சொன்னேனே.

லைப்ரரி முழுக்க டிஎன்பிஎஸ்சி பசங்கதான். கைடை வச்சுக்கிட்டு இடத்தை அடைச்சுக்கிறாங்க. அது வாசிப்பா?

இடத்தை அடைப்பது உண்மை. எரிச்சல் எனக்கும் வரும். ஆனால் அந்தப் பிள்ளைகளின் வீட்டில் தனி அறையோ, சத்தமில்லாத மூலையோ, சில சமயம் மின்விசிறியோ கிடையாது. ஊரில் காசு கேட்காமல் ஒரு நாள் முழுக்க உட்காரவிடும் ஒரே இடம் நூலகம். சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிப்பதற்கென்றே தனிப் பகுதி வைத்திருக்கிறார்கள். சரியான தீர்வு அதுதான். கிளை நூலகங்களிலும் அப்படி ஒரு அறை கேட்டு மனு போடலாம். பிள்ளைகளை முறைத்துப் பார்ப்பதால் நாற்காலி கூடப்போவதில்லை.

முதல் கேள்விக்குச் சொன்ன ரங்கநாதன் விதியை இங்கேயும் போட்டுப் பாருங்கள். முதல் விதி, புத்தகம் பயன்படுவதற்கு. கைடும் புத்தகம்தான்.

நான் கஷ்டமான புத்தகம்தான் விரும்பிப் படிப்பேன். அதுக்கே ‘சீன் போடுறான்’னு சொல்றாங்களே, இது மட்டும் நியாயமா?

நியாயமில்லை. இதுவும் அதே திமிர், எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது. ‘புரியாம எழுதறதுதான் இலக்கியம்’ என்று நக்கலடிப்பவர்கள் பெரும்பாலும் அந்தப் புத்தகத்தைத் திறந்திருக்கமாட்டார்கள். நகுலனை ஒருவர் நிஜமாகவே ரசிக்கலாம். பஸ்ஸில் கையில் வைத்திருந்தால் காட்டிக்கொள்ளத்தான் வைத்திருக்கிறார் என்று முடிவுகட்ட நமக்கு என்ன ஆதாரம்?

ஒரே ஒரு வேண்டுகோள். பிடித்த புத்தகத்தைப் பற்றி மட்டும் பேசுங்கள். அதைப் படிக்காதவர்களைப் பற்றிப் பேச ஆரம்பிக்கும் இடத்தில்தான் ஜனங்கள் எழுந்து போகிறார்கள்.

கொஞ்சம் ஏளனம் இருந்தாத்தானே ஆளுங்க முன்னேறுவாங்க? அதனால நன்மையே கிடையாதா?

இதற்கு ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தையில் பதில் சொல்லமுடியாது. தமிழில் மிகப் பிரபலமான முகச்சுளிப்பு 1880-ல் கும்பகோணத்தில் நடந்தது. அந்த வருஷம்தான் உ.வே. சாமிநாதையர் அங்கே கல்லூரித் தமிழாசிரியர் ஆகியிருந்தார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர். புதிதாக முன்சீப்பாக, அதாவது நீதிபதியாக, வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போனார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார் முதலியார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, உலா என்று அடுக்கினார் இவர். இதெல்லாம் படித்து என்ன பிரயோசனம் என்கிற மாதிரி கேட்டுவிட்டு, சீவகசிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை படித்ததுண்டா என்று கேட்டார் முதலியார். இவர் படித்ததில்லை.

அதோடு முடிந்திருந்தால் அது வெறும் அவமானம். ஆனால் முதலியார் சிந்தாமணியின் பிரதி ஒன்றைத் தேடி வாங்கி இவர் கையில் கொடுத்தார். எனக்குப் பாடம் சொல்லுங்கள் என்றும் கேட்டார். அதாவது, எதை வைத்து இவரை மட்டம் தட்டினாரோ, அதையே இவரிடம் மாணவராக உட்கார்ந்து கற்க வந்தார். 1887-ல் சிந்தாமணி அச்சாகி வந்தது. அதன்பின் பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை என்று வரிசையாக வந்தது எல்லோருக்கும் தெரியும்.

ஆகவே உங்களை யாராவது ஏளனம் செய்தால் அடுத்து அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். புத்தகத்தைக் கொடுக்கிறாரா, சேர்ந்து படிக்க உட்காருகிறாரா? அப்படிப்பட்டவரின் ஏளனத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். இன்னொரு பக்கமும் உண்டு. முதலியார் மட்டம் என்று நினைத்த அந்தாதியும் பிள்ளைத்தமிழும் இவருக்குக் கொடுத்த பயிற்சி இல்லாமல், அவ்வளவு கடினமான சிந்தாமணிச் சுவடிகளோடு மல்லுக்கட்டியிருக்க முடியுமா? எனக்குச் சந்தேகம்தான்.

படிக்காத புத்தகத்தைப் படிச்சதா சொல்லிட்டேன். இப்ப அதைப் பத்திப் பேசக் கூப்பிடுறாங்க!

தேதி எப்போது? இரண்டு வாரம் இருந்தால் படித்துவிடுங்கள். நாள் இல்லையென்றால் ‘பாதிதான் படிச்சிருக்கேன்’ என்று சொல்லிவிடுங்கள். அவையில் பாதிப் பேர் நிம்மதியாக மூச்சுவிடுவார்கள். இப்படிப் பொய் சொல்லவைப்பது நாம்தான் என்பதால், எங்கள் வட்டத்தில் ‘என்னது, இதைக்கூடப் படிக்கலையா?’ என்ற வாக்கியத்தைத் தவிர்க்கச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இதுவரை பெரிய பலன் இல்லை.

நான் இவ்வளவு வருஷமா இலக்கியம் படிக்கிறேன். இப்ப என் பொண்ணு என் அலமாரியைப் பார்த்து ‘இதையெல்லாமாப்பா படிக்கிறே’ங்கிறா. அவ படிக்கிறது ஜப்பான் படக்கதை.

முன்சீப் நாற்காலியில் இப்போது உங்கள் மகள் உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான். பதிலுக்கு அவர் படிப்பதைக் கிண்டல் செய்யாதீர்கள். காமிக்ஸ் கேள்விக்குச் சொன்னது பதினெட்டு வயதுப் பெண்ணுக்கும் பொருந்தும். ‘சரி, உன்கிட்ட இருக்கிறதுல நல்லதா ஒண்ணு குடு’ என்று கேட்டு வாங்குங்கள். கொடுக்கும்போது எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தப் புத்தகங்களை வலமிருந்து இடமாகப் புரட்டவேண்டும். அட்டை என்று நினைத்துக் கடைசிப் பக்கத்தைத் திறந்தால் முடிவு தெரிந்துபோகும், அதற்கும் ஒரு கிண்டல் கிடைக்கும்.